அத்தியாயம் 6: ஸலாமுக்குப் பின், தலையணைக்கு முன்

அபூதாவூத், திர்மிதி இரண்டிலும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அறிவிப்பவர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி). இரண்டு வழக்கங்கள் உண்டு, அவற்றை விடாமல் பேணுகிற முஸ்லிம் சொர்க்கத்தில் நுழைவார், இரண்டும் எளிது, ஆனால் செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று நபி (ஸல்) சொன்னார்கள். முதலாவது, ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சுப்ஹானல்லாஹ் 10, அல்ஹம்துலில்லாஹ் 10, அல்லாஹு அக்பர் 10. இரண்டாவது, படுக்கைக்கு வந்ததும் இதே மூன்றும் சேர்ந்து 100. கணக்கையும் அவர்களே போட்டுக் காட்டினார்கள். ஐந்து வேளைக்கு நாவில் 150, தராசில் பத்து மடங்காகி 1,500. படுக்கையில் 100, தராசில் 1,000.

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நியாயமான சந்தேகம் வந்தது. இவ்வளவு எளிதானதை ஏன் கொஞ்சம் பேர் மட்டும் செய்கிறார்கள்? அதற்கு வந்த பதில் இதுதான்: தூங்கப் போகிறவரிடம் ஷைத்தான் வந்து, ஓதுவதற்குள் தூங்க வைத்துவிடுகிறான். தொழுகையில் இருப்பவரிடம் வந்து, ஓதுவதற்குள் ஏதோ ஒரு வேலையை ஞாபகப்படுத்திவிடுகிறான்.

திக்ரைப் பழக்கமாக்க நினைப்பவர்களுக்கு இதைவிடக் கைகொடுக்கும் பதில் கிடைக்காது. உனக்கு ஈமான் போதவில்லை, மனம் கல்லாகிவிட்டது என்று இதில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. தவறிப்போகும் இடம் எது, எதனால் தவறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஒன்று ஸலாம் கொடுத்த அடுத்த அரை நிமிடம். மற்றது தலையணையில் தலை சாய்த்த அடுத்த அரை நிமிடம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நிற்கப் போகிறது. இவை பிடிபட்டால் மற்றவை பின்னால் வரும்.

திக்ருக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரமளான் பிறை கண்ட உற்சாகத்தில், தினமும் காலையில் அரை மணி நேரம் என்று நிய்யத்து வைப்பார்கள். ஷவ்வாலில் அந்த அரை மணி நேரத்தைக் காணோம். புதிதாகத் தேடி எடுத்த நேரத்தை அடுத்த அவசரம் வந்து தின்றுவிடும். தினமும் தவறாமல் நடக்கிற காரியம் எதுவோ அதன் வாலில் திக்ரைக் கட்டிவிட்டால், அந்தக் காரியம் போகிற இடமெல்லாம் திக்ரும் போகும். தொழுகையும் தூக்கமும் அப்படிப்பட்டவை.

ஸலாம் கொடுத்ததும்

மஃரிபு ஜமாஅத்தில் இமாம் இடப்பக்கம் ஸலாம் திருப்பிய கணத்தைக் கவனித்துப் பாருங்கள். சட்டைப்பையில் ஃபோன் அதிர்கிறது. வாசலில் செருப்பு மேல் செருப்பாகக் கிடப்பது ஞாபகம் வருகிறது. இப்போதே எழுந்தால் தேடாமல் மாட்டிக்கொண்டு போகலாம். கடையில் பையனைத் தனியாக விட்டு வந்திருக்கிறோம். வீட்டில் தொழுகிறவருக்கு அடுப்பில் பால் இருக்கிறது. இவற்றில் எதுவும் ஒரு நிமிடத்தில் கெட்டுவிடாது. ஆனாலும் கை முழங்காலை ஊன்றிவிடுகிறது, உடம்பு எழுந்துவிடுகிறது. எழுந்த பிறகு வாயில் சுப்ஹானல்லாஹ் இருந்தாலும் கண் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் பயிற்சி நாவுக்கு அல்ல, முழங்காலுக்கு. ஸலாம் கொடுத்த பின் இருந்த இருப்பைக் கலைக்காதீர்கள். தொழுத இடத்திலேயே அமர்ந்திருப்பவருக்காக மலக்குகள் துஆ செய்துகொண்டே இருக்கிறார்கள் என்று புகாரியில் வருகிறது. முழங்காலை ஊன்றப் போகும் கைக்கு உடனே ஒரு வேலை கொடுங்கள்: வலது கைப் பெருவிரல், சுண்டுவிரலின் அடிக்கோட்டில் போய் உட்காரட்டும். பெருவிரல் அங்கே போய்விட்டால் எண்ண ஆரம்பித்தாகிவிட்டது என்று அர்த்தம். எண்ண ஆரம்பித்தவர் பாதியில் எழுவது அபூர்வம்.

வரிசை இது. முதலில் அஸ்தஃக்ஃபிருல்லாஹ் மூன்று முறை, பிறகு அல்லாஹும்ம அன்தஸ் ஸலாம் என்று தொடங்கும் துஆ. இது ஸவ்பான் (ரலி) அறிவிப்பாக முஸ்லிமில் உள்ளது. அதன் பிறகு தஸ்பீஹ். நம்மில் பெரும்பாலோர் மதரஸாவில் 33, 33, 34 என்றுதான் மனப்பாடம் செய்தோம். அதுதான் பிரபலமான கணக்கு. நிதானமாகச் சொன்னால் இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நிமிடம் இல்லை என்று நினைக்கிறவர் முழுவதையும் விட்டுவிட்டு எழுந்து போகிறார். 10, 10, 10 என்பதும் சுன்னத்தான கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவரும், தொடங்கித் தொடங்கி விட்டவரும் இந்தப் பத்திலிருந்து தொடங்கலாம். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

இனி 33-ஐ எண்ணும் விதம். பெருவிரலை எண்ணும் விரலாக வைத்துக்கொண்டால் மீதி நான்கு விரல்கள். விரலுக்கு மூன்று கோடு. ஆக ஒரு சுற்றுக்கு 12. சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரலில் முடித்தால் ஒரு சுற்று. இரண்டு சுற்றில் 24. மூன்றாவது சுற்றில் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் மூன்றும் முடிந்தால் 33. ஆள்காட்டி விரல் மட்டும் தொடப்படாமல் மிச்சம் இருக்கும். அதுதான் அடையாளம். அல்லாஹு அக்பருக்கு 34 வேண்டும். ஆள்காட்டி விரலின் அடிக்கோட்டை ஒரு முறை தொட்டால் கணக்குச் சரி. ஒரு வாரம் இப்படி எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு எண்ணிக்கையை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். மனம் சொல்லின் பொருளோடு இருக்கலாம்.

நபி (ஸல்) வலக்கையால் தஸ்பீஹை எண்ணினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. விரல்களும் மறுமையில் விசாரிக்கப்பட்டுப் பேச வைக்கப்படும், எனவே விரல் நுனிகளால் எண்ணுங்கள் என்று பெண்களுக்கு அவர்கள் அறிவுரை சொன்னது திர்மிதியில் இருக்கிறது. தஸ்பீஹ் மணி வைத்துக்கொள்வதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆகும் என்று நிறுவவே இமாம் சுயூத்தி தனியாக ஒரு சிறு நூல் எழுதினார்கள். மணி வைத்திருப்பவர்கள் தாராளமாக வைத்திருக்கட்டும். ஹஜ்ஜுக்குப் போய் வந்த மாமி கொடுத்த மணியை யாரும் வீசிவிட வேண்டியதில்லை. விரலுக்குள்ள வசதி, அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது. விரலில் மாட்டிக்கொள்ளும் கவுண்டர் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். பேச்சு நின்று, நா நின்று, பார்வை எங்கோ போன பிறகும் கட்டைவிரல் மட்டும் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். எண் ஏறிக்கொண்டே போகும்.

எப்போது ஓதுவது என்பதில் மத்ஹபுக்கு மத்ஹபு வழக்கம் வேறு. ஹனஃபி வழக்கத்தில் லுஹர், மஃரிபு, இஷாவில் ஃபர்ளு முடிந்ததும் சிறு துஆவோடு எழுந்து, சுன்னத் தொழுத பின் தஸ்பீஹ் ஓதுவார்கள். பின்னால் சுன்னத் இல்லாத சுபுஹிலும் அஸரிலும் உடனே ஓதுவார்கள். ஷாஃபிஈ வழக்கத்தில் எல்லா வேளையும் ஃபர்ளை ஒட்டியே. உங்கள் பள்ளிவாசலில் எதுவோ அதன்படி செய்யுங்கள். ஹனஃபிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுன்னத்துக்கு எழுந்தவர் சுன்னத் முடிந்ததும் அப்படியே வாசலுக்குப் போய்விடும் ஆபத்து அதிகம். முழங்கால் பயிற்சியை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமாகச் சேர்ந்து ஓதலாமா என்ற சண்டையும் இருக்கிறது. ஃபர்ளு முடிந்ததும் திக்ரில் குரல் உயர்த்துவது நபி (ஸல்) காலத்தில் இருந்தது என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரியில் உள்ளது. அது கற்றுக்கொடுப்பதற்காக என்று விளங்கி, மற்றபடி மெதுவாகச் சொல்வதையே இமாம் ஷாஃபிஈ விரும்பினார்கள். இரண்டு தரப்பும் ஆதாரம் பேசும். பேசட்டும். இதைப் பற்றி ஹவுளு ஓரத்தில் நின்று வாதாடிக்கொண்டிருக்கும் இரு தரப்பாரும் அன்றைய தஸ்பீஹைச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. இமாம் சத்தமாக ஓதினால் கூட ஓதுங்கள். ஓதவில்லை என்றால் உங்கள் விரல் உங்களிடம் இருக்கிறது.

தலையணையில்

இரண்டாவது இடத்தின் பின்னணி ஒரு வீட்டுக் கதை. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப் போயிருந்தது. நபி (ஸல்) அவர்களிடம் போர்க் கைதிகள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலைக்கு ஓர் ஆள் கேட்கப் போனார்கள். வாப்பா வீட்டில் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். இரவில் மகளும் மருமகனும் படுத்த பிறகு நபி (ஸல்) வந்தார்கள். எழப் போனவர்களை, அப்படியே இருங்கள் என்று தடுத்து, இருவருக்கும் நடுவில் அமர்ந்தார்கள். அவர்கள் பாதங்களின் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்கிறார்கள் அலீ (ரலி). கேட்டதைவிட மேலானதைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டு, படுக்கைக்கு வந்ததும் அல்லாஹு அக்பர் 34, சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33 சொல்லுங்கள் என்றார்கள். புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதன் பிறகு அதை விட்டதே இல்லை என்று அலீ (ரலி) சொன்னபோது ஒருவர் கேட்டார்: ஸிஃப்பீன் இரவில்கூடவா? ஸிஃப்பீன் இரவில்கூட விடவில்லை என்று பதில் வந்தது. கி.பி. 657-இல், முஸ்லிம்களே இரண்டு அணியாக நின்று வாள் வீசிய போர் அது.

(இந்த ஹதீஸைக் காட்டி, உனக்கு வேலைக்காரி எதற்கு, தஸ்பீஹ் ஓது என்று மனைவியிடம் சொல்லும் ஆண்கள் உண்டு. நபி (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதும் அதே புகாரியில்தான் இருக்கிறது. அதையும் படிக்கட்டும்.)

இன்று தூக்கத்துக்கு முன்பே ஃபோன் வந்துவிடுகிறது. படுத்தபடி இரண்டு ரீல்ஸ் பார்க்கலாம் என்று எடுத்தவர், ஃபோன் முகத்தில் விழும்போதுதான் கண் சொருகியதை உணர்கிறார். மன உறுதியை வைத்து இதை வெல்ல முயல வேண்டாம். கட்டிலில் இருந்து கை எட்டாத ப்ளக்கில் சார்ஜ் போடுங்கள். அலாரம் வேண்டும் என்றால் அங்கிருந்தே அடிக்கட்டும். சுபுஹுக்கு எழுந்து நடந்து போய் அணைப்பது இன்னும் நல்லது.

படுக்கைக்கு வந்ததும் ஆயத்துல் குர்ஸி ஒரு முறை. இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்றையும் உள்ளங்கைகளில் ஓதி ஊதி, தலை முகத்தில் தொடங்கி உடம்பில் எட்டிய மட்டும் தடவிக்கொள்வது மூன்று முறை. பிறகு அந்த நூறு. வலப்பக்கம் சாய்ந்து தூங்குவது. இவ்வளவும் அதிகமாகத் தெரிந்தால் நூறை மட்டும் முதலில் பிடியுங்கள். படுத்ததும் அசந்துவிடும் உடம்பு உடையவர்கள் படுக்கையில் உட்கார்ந்தபடியே நூறையும் முடித்துவிட்டுச் சாயட்டும். பாதியில் தூங்கிப்போனால் வருத்தப்பட ஒன்றுமில்லை, அல்லாஹ்வின் பெயர் வாயில் இருக்கும்போது வந்த தூக்கம் நல்ல தூக்கம்தான்.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், நர்ஸ்கள், லாரி ஓட்டுகிறவர்கள் இது நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வழக்கம் கட்டப்பட்டிருப்பது படுக்கையில். இரவு பத்து மணியில் கட்டப்படவில்லை. காலை எட்டு மணிக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் அந்த நூறைச் சொல்லலாம்.

காலையும் மாலையும்

இந்த இரண்டு இடமும் கைவசமாகும் வரை இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடலாம்.

காலை திக்ருக்கு நேரம் சுபுஹு முதல் சூரியன் உதிக்கும் வரை, மாலைக்கு அஸர் முதல் மஃரிபு வரை என்று வைத்துக்கொள்ளலாம். சற்று முன்பின்னாகச் சொன்னாலும் வீணில்லை. எதைச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். இமாம் நவவியின் அல் அத்கார் பெரிய நூல். கைக்கு அடக்கமான ஹிஸ்னுல் முஸ்லிமிலேயே காலை, மாலைக்கு உரியவை பல பக்கம் போகும். முதல் நாளே அதை முழுவதும் ஓத உட்கார்ந்தவர் நான்காம் நாள் நூலைத் தேடமாட்டார். மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று குல் சூராக்களையும் மும்மூன்று முறை; பாவமன்னிப்புக்கு ஸய்யிதுல் இஸ்திஃக்ஃபார் ஒரு முறை; சுப்ஹானல்லாஹி வபிஹம்திஹி 100 முறை. கடைசியில் சொன்னதை ஒரே மூச்சில் உட்கார்ந்து முடிக்க வேண்டும் என்று இல்லை. பள்ளியில் இருந்து வீட்டுக்கு நடக்கும்போது பாதி, பால் வாங்கிக்கொண்டு வரும்போது மீதி.

ஸய்யிதுல் இஸ்திஃக்ஃபார் மனப்பாடமாக இல்லை என்றால் ஃபோனில் பார்த்து ஓத வேண்டாம். ஃபோனைத் திறந்தவர் வாட்ஸ்அப் வழியாகத்தான் துஆவுக்குப் போவார், பலர் போய்ச் சேருவதே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சட்டைப்பையில் வையுங்கள், அல்லது முஸல்லாவின் மடிப்புக்குள். காகிதம் நைந்து கிழிவதற்குள் மனத்தில் ஏறிவிடும்.

நேரம் அதிகம் உள்ளவர்தான் அதிகம் சம்பாதிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். உம்முல் முஃமினீன் ஜுவைரியா (ரலி) சுபுஹு தொழுத இடத்திலேயே அமர்ந்து திக்ரு செய்துகொண்டிருந்தார்கள். வெளியே போன நபி (ஸல்) முற்பகலில் திரும்பி வந்தபோதும் அதே இருப்பு. உன்னை விட்டுப் போன பிறகு நான்கு வார்த்தைகளை மூன்று முறை சொன்னேன், இன்று நீ சொன்னதையெல்லாம் அவற்றோடு நிறுத்தால் அவை எடையில் மிஞ்சும் என்றார்கள். அல்லாஹ்வின் படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கு, அவன் பொருந்திக்கொள்ளும் அளவுக்கு, அவனுடைய அர்ஷின் எடை அளவுக்கு, அவனுடைய வார்த்தைகளை எழுதும் மையின் அளவுக்கு அவனைத் துதிக்கும் தஸ்பீஹ் அது. முஸ்லிமில் இருக்கிறது. அரபு வாசகத்தை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டு உச்சரிப்போடு கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தில் பார்த்து ஓதினால் ஹாவும் ஐனும் சரியாக வராது.

வாசல், படி, கடை

வீட்டை விட்டு இறங்கும்போது பிஸ்மில்லாஹி தவக்கல்த்து அலல்லாஹ். சாப்பிடும் முன் பிஸ்மில்லாஹ். மறந்து நடுவில் ஞாபகம் வந்தால் பிஸ்மில்லாஹி அவ்வலஹு வஆகிரஹு. கழிப்பறைக்குள் நாவால் திக்ரு கூடாது, உள்ளே போகுமுன் துஆ, வெளியே வந்ததும் ஃகுஃப்ரானக். மேட்டில் ஏறும்போது அல்லாஹு அக்பர் என்றும் இறங்கும்போது சுப்ஹானல்லாஹ் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். மாடிப்படிக்கும் இது பொருந்தும்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அது தானாக வரும் வரை இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஜுமுஆ சூரா, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று பிழைப்பைத் தேடச் சொல்கிறது. அதே மூச்சில் அல்லாஹ்வை அதிகமாக நினைக்கவும் சொல்கிறது. அதிகமாக என்ற அந்தக் கட்டளை பள்ளிவாசலுக்குள் வரவில்லை, கடைவீதிக்குப் போகிறவனிடம் வருகிறது. நூர் சூரா புகழ்கிற மனிதர்களும் வணிகமோ விற்பனையோ திக்ரை மறக்கடிக்காதவர்கள்தான், வணிகத்தை விட்டவர்கள் அல்லர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வாடிக்கையாளர் இல்லாத இடைவெளி எத்தனையோ முறை வருகிறது. அதில் இஸ்திஃக்ஃபார் சொல்லலாம். நபி (ஸல்) ஒரு நாளில் 70 முறைக்கு மேல் பாவமன்னிப்புத் தேடினார்கள் என்று புகாரியில் வருகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வியாபாரி துணியை விரித்துக் காட்டும்போது, சரக்கு எவ்வளவு உசத்தி என்று உணர்த்துவதற்காக சுப்ஹானல்லாஹ் சொல்வதையும் ஸலவாத்து சொல்வதையும் ஹனஃபி சட்ட நூல்கள் கண்டித்திருக்கின்றன. அந்தக் காலத்து ஜவுளிக்கடைக்காரர்களும் நம்மவர்களைப் போலத்தான் இருந்திருக்கிறார்கள். கொடுக்க மனமில்லாத கடனுக்கு இன்ஷா அல்லாஹ் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மனம் வராதபோது

நாக்கு சொல்கிறது, மனம் வட்டிக்கடையில் வைத்த நகையைப் பற்றி யோசிக்கிறது, இப்படி ஓதி என்ன பயன் என்று கேட்பவர்கள் அதிகம். இந்தக் கேள்வியோடு திக்ரையே விட்டவர்களும் உண்டு. நாவில் மட்டும் இருப்பது, மனத்தை வலிந்து இழுத்து வருவது, மனத்தில் தானே தங்கிவிடுவது, நினைக்கப்படுகிறவனைத் தவிர வேறு எதுவும் மனத்தில் மிஞ்சாமல் போவது என்று இமாம் கஸ்ஸாலி திக்ருக்குப் படிகள் சொல்கிறார்கள். முதல் படியில் நிற்பவரை அவர்கள் கீழே தள்ளவில்லை. கெய்ரோவில் கி.பி. 1309-இல் மறைந்த இப்னு அதாஇல்லாஹ் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: மனம் அல்லாஹ்விடம் இல்லை என்பதற்காக திக்ரை விடாதே, திக்ரு சொல்லிக்கொண்டே கவனம் பிசகுவதைவிட, திக்ரே இல்லாமல் இருப்பது பெரிய பிசகு.

நடைமுறையில் ஒன்று உதவும். 33-இல் ஒவ்வொரு சுற்றின் முதல் மூன்றை மட்டும் இழுத்து, பொருளை நினைத்து, மெதுவாகச் சொல்லுங்கள். சுண்டுவிரல் மூன்று கோடும் மெதுவாக, மீதி வழக்கமான வேகத்தில். முப்பத்து மூன்றிலும் மனத்தைக் கட்டிவைக்க முயன்று தோற்பதைவிட இது நடக்கும்.

அல்ஹம்துலில்லாஹ் சொல்லும்போது பொதுவாக எல்லாவற்றுக்கும் என்று நினைக்காமல் அன்று நடந்த ஒரு காரியத்தை நினைத்துச் சொல்வதும் மனத்தை இழுத்து வரும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாக இருந்தாலும் சரி.

தொழுகை இல்லாத நாட்கள்

மாதவிடாய் நாட்களிலும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய நாட்களிலும் தொழுகை இல்லை. தொழுகையில் கட்டிய தஸ்பீஹும் அதோடு அறுந்து, சுத்தமான பிறகு மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியிருப்பது பெண்களுக்கு மாதாமாதம் நடக்கும் தொல்லை. திக்ரு, துஆ, ஸலவாத்து எதற்கும் அந்த நாட்களில் தடையில்லை. குர்ஆன் ஓதுவதைத்தான் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் தடுக்கின்றன. துஆவாக அமைந்த ஆயத்துகளை துஆ என்ற நிய்யத்தில் சொல்ல இரண்டிலும் இடமுண்டு.

ஹனஃபி நூல்களில் இதற்கென்றே ஒரு யோசனை இருக்கிறது. தொழுகை நேரம் வந்ததும் ஒளு செய்து, வழக்கமாகத் தொழும் இடத்தில் தொழும் நேர அளவுக்கு உட்கார்ந்து தஸ்பீஹ் சொல்வது நல்லது என்கிறார்கள். காரணமாக அவர்கள் சொல்வது, பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பது. முஸல்லாவை மடித்து அலமாரியில் வைத்துவிடாமல் அது கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். நூறு சொல்லும் படுக்கைக்கோ எந்த நாளும் விடுமுறை இல்லை.

கூடி ஓதுவது

தனியாக நிலைக்காதவர்களுக்குக் கூட்டம் கைகொடுக்கும். நம் கடற்கரை ஊர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தன. ஹளரமவ்த்தின் தரீமில் வாழ்ந்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாது (1634-1720) தொகுத்த ராத்திபு கடல் தாண்டி காயல்பட்டினத்துக்கும் இலங்கைக்கும் வந்து இங்குள்ள பள்ளிகளில் குடியேறிவிட்டது. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) தொகுத்த ஜலாலிய்யா ராத்திபும் அப்படியே. பையன்கள் கடைசியில் கிடைக்கும் தின்பண்டத்துக்காகப் போய் உட்கார்ந்து, வளர்ந்த பிறகு பார்த்தால் முழு ராத்திபும் மனப்பாடம். ராத்திபு ஏற்பில்லாத ஊரில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு வேளையைப் பிடிக்கலாம்: மஃரிபு முடிந்ததும் பிள்ளைகளை இருத்தி 10, 10, 10 சத்தமாக. விரல் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தகப்பன் தன் தஸ்பீஹை விடமுடியாது, அவன் கேட்டுவிடுவான்.

கூட்டுவதும் தவறுவதும்

பத்தை எப்போது 33 ஆக்குவது? ஓதாமல் எழுந்துவிட்ட ஒரு நாள், செருப்பைப் போட்டு நாலடி நடந்த பிறகு ஏதோ குறைகிறதே என்று தோன்றினால், ஆக்கலாம். அதுவரை அவசரம் வேண்டாம். ரமளானில் எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டுங்கள். பெருநாள் பிறைக்கு முந்திய நாள், கூட்டியதில் எந்த ஒன்றைத் தொடரப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டு மற்றதை நிம்மதியாக இறக்கி வையுங்கள். இரவில் எழுந்து தொழுதுகொண்டிருந்து பிறகு விட்டுவிட்ட ஒருவரைப் போல் ஆகிவிடாதே என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) சொன்னார்கள். இந்த அத்தியாயத்தின் முதல் ஹதீஸை அறிவித்த அதே அப்துல்லாஹ்தான்.

தவறிப்போனால் என்ன செய்வது என்பதற்கு இமாம் நவவி அல் அத்காரில் கண்டிப்பாக ஒரு வழி சொல்கிறார்கள். இரவிலோ பகலிலோ தொழுகைக்குப் பின்போ வழக்கமாக ஓதும் திக்ரு ஒன்று தவறிவிட்டால், முடிகிற நேரத்தில் அதைத் திருப்பி ஓத வேண்டும். அப்படித் திருப்பி ஓதிப் பழகியவர் உரிய நேரத்தில் அதைத் தவறவிடமாட்டார். திருப்பி ஓதுவதில் அலட்சியம் காட்டுகிறவருக்கு உரிய நேரத்தில் தவறவிடுவது சுலபமாகிவிடும். இதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது உமர் (ரலி) அறிவிக்கும், முஸ்லிமில் உள்ள ஹதீஸ்: இரவில் வழக்கமாக ஓதுவதை ஓதாமல் தூங்கிவிட்டவர் சுபுஹுக்கும் லுஹருக்கும் இடையில் ஓதிவிட்டால் இரவில் ஓதியதாகவே எழுதப்படும்.

ஆகவே நேற்று இரவு கல்யாண வீட்டில் இருந்து அலுத்து வந்து அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்றால், இன்று லுஹர் பாங்குக்குள் அந்த நூறையும் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது சொன்னாலும் சரி, வெங்காயம் உரிக்கும்போது சொன்னாலும் சரி. இன்று இரவுக்கு உரியது தனி.